மறுப்போர் உண்டா?

யெரேனா, 1541 அக்டோபர் 20

அன்புத் தம்பி லோப்பேவுக்கு,

உன் அக்கா மென்சியா எழுதுவது. கடவுள் கருணையால் நம் வீட்டுக் கூரையும் நானும் இன்னும் நிற்கிறோம். முழங்கால் மட்டும் மேகத்துக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. கடல் உனக்கு ஒத்துக்கொண்டதா? மலைக் குளிருக்கு நான் நெய்து கொடுத்த கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, சூதாடித் தோற்றுவிட்டாயா?

உன்னை அனுப்பும்போது நான் என்ன சொன்னேன்? "நூன்யோ காய்ச்சலில் செத்துப்போனான். படையோடு குதிரையில் போனவன் அவன். புது நிலத்தைப் பிரிக்கும்போது குதிரை வைத்திருந்தவனுக்குக் குதிரைப் பங்கு, நடந்து போனவனுக்குக் காலாள் பங்கு. அண்ணனின் குதிரைப் பங்கை நீ போய் வாங்கு" என்றேன். அதற்காகத்தான் ஒலிவத் தோப்பை விற்றுக் கப்பல் கூலி கட்டினோம். இப்போது அதையெல்லாம் ஒதுக்கி வை. உட்கார்ந்துகொண்டு படி.

போன வாரம் பஸ்குவால் வந்தான். நூன்யோவோடு அதே படையில் நடந்தவன், ஒரு காது இல்லாதவன். கொண்டைக்கடலைக் குழம்பு ஊற்றினேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாவது கிண்ணம் வைத்ததும் அழுதுவிட்டான்.

"அக்கா, உங்க கையால சாப்பிட்டுட்டு இதுக்கு மேல பொய் சொல்ல முடியல. நூன்யோ காய்ச்சல்ல சாகல. நாங்க கெளம்புறப்போ உசுரோடதான் கெடந்தான்."

காலில் அம்புக் காயமாம். நடக்க முடியவில்லை. ஆற்றங்கரையில் கிடத்திவிட்டு, அவனுடைய குதிரைமேல் படைத்தலைவன் சுவேரோ உப்பு மூட்டைகளை ஏற்றச் சொன்னானாம். நூன்யோ கெஞ்சியிருக்கிறான்: "தலைவரே, குதிரை என்னோடது. என்னையும் ஒரு மூட்டைன்னு நெனச்சுக் கட்டிருங்க." அதற்கு அவன் சொன்ன பதில்: "மூட்டையில உப்பு இருக்குடா. உங்கிட்ட என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்களாம். பஸ்குவாலும்தான். "பயத்துல சிரிச்சேன் அக்கா" என்றான். ஆறு திரும்பும் இடம்வரை நூன்யோவின் குரல் கேட்டதாம்.

சுவேரோ வேறெங்கோ பிறந்தவன் அல்ல, நம் ஊரான். அவன் அம்மா எல்விரா சீமாட்டி ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் எனக்கு முன்வரிசையில் உட்கார்கிறாள். பூசை முடிந்ததும் திரும்பி, "பாவம் உன் தம்பி" என்று என் கையைத் தட்டிக்கொடுக்கிறாள். நானும் இத்தனை நாள் நன்றி சொல்லிவந்திருக்கிறேன்.

நீ இப்போது சுவேரோ இருக்கும் ஊரில் இருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள். கையையும் பார்த்துக்கொள், அது நடுங்கக் கூடாது.

உன் அக்கா,
மென்சியா

•

புதிய யெரேனா, 1542 ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி லோப்பே. உயிரோடு இருக்கிறேன். ஆற்றுப் பயணத்தில் கொசு தின்றது போக மிச்சமிருப்பது மலைக் காற்றில் தேறிவிட்டது. சட்டை பத்திரமாக இருக்கிறது. உன் முழங்காலுக்குப் பன்றிக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு.

உன் கடிதத்தைக் குதிரை லாயத்தில் நின்று படித்தேன். யாருடைய லாயம் தெரியுமா? சுவேரோவுடையது. நான் அவன் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். வந்து இறங்கிய அன்று வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டான். "அடேய், நூன்யோவே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கேடா! எங் கையாலதான் அவன் கண்ண மூடினேன். சிலுவை நட்டு ஜெபம் சொன்னேன்" என்று அழுதான். அக்கா, உண்மையாகவே கண்ணீர் வந்தது அவனுக்கு. சோள ரொட்டியைப் பிட்டு என் கையில் கொடுத்தான். நானும் தின்றேன்.

கத்தியைத் தீட்டிவிட்டேன். விடியற்காலையில் அவன் தனியாகத்தான் ஓடைப்பக்கம் ஒதுங்குவான். கால்சட்டையை அவிழ்த்துக் குந்தியிருக்கும் நேரத்தில் எந்த வீரனும் வீரன் இல்லை.

நிலம் இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் பட்டியலில் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி முழுவதும் அவன் பெயருக்கு. நூன்யோவின் குதிரைப் பங்கையும் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டான். செத்தவனுக்குப் பங்கில்லை என்கிறான்.

நீ ஒரு சொல் எழுது. உடனே முடிக்கிறேன்.

உன் தம்பி,
லோப்பே

•

யெரேனா, 1542 நவம்பர் 15

தம்பி லோப்பேவுக்கு,

நீ நலமாக இருப்பதில் நிம்மதி. கொழுப்பு தடவினேன். வலி போகவில்லை, பூனைதான் கூடவே அலைகிறது.

கத்தியை உறையில் போடு. நேற்று இங்கே பன்றி அறுத்தோம். தொடையை எப்படிப் பதப்படுத்துவோம் என்பது உனக்குத் தெரியும். உப்பில் புதைத்து வைக்க வேண்டும். பிறகு வடக்குக் காற்றில் தொங்கவிட வேண்டும். பொறுக்காமல் இறக்கினால் மேலே பார்க்க நன்றாகவே இருக்கும், எலும்பை ஒட்டி அழுகியிருக்கும். பழியும் அப்படித்தான். ஓடையோரத்தில் நீ குத்தினால் அவனுக்கு ஒரு நாழிகை வலி. உனக்குத் தூக்குமரம். அவன் அம்மாவுக்குப் பாட்டோடு கூடிய பூசை. ஊரே அவளுக்காக அழும். அதை நான் பின்வரிசையிலிருந்து பார்க்க வேண்டுமா?

அவனுக்கு உயிரைவிடப் பெரியது எது என்று பார். நிலம். அதை எடு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அப்பா நம் தோப்பை வாங்கிய நாள். நீ என் இடுப்பில் இருந்தாய். வழக்கப்படி அப்பா ஒரு கிளையை ஒடித்தார், புல்லைப் பிடுங்கினார், நாலு பக்கமும் கல் எறிந்தார். பத்திர எழுத்தர் நடுவில் நின்று, "மறுப்போர் உண்டா?" என்று மூன்று முறை கூவினார். யாரும் வாய் திறக்காவிட்டால் "அமைதியாகவும் மறுப்பின்றியும் நிலம் கைக்கு வந்தது" என்று எழுதி முத்திரை வைப்பார்கள். மூன்றாவது முறை கூவியபோது பக்கத்துத் தோப்பு நொண்டி மார்த்தின் வந்து, "மறுக்கிறேன்" என்றான். ஏதோ கிணற்றுப் பாதைத் தகராறு. அந்த ஒரு சொல்லுக்கு அப்பா தலை நரைக்கும்வரை வழக்காடினார்.

உங்கள் ஊர் வழக்கு, கடல் தாண்டித் தீவில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறான் பஸ்குவால். இன்னும் நல்லது. சுவேரோ நிலத்தைக் கைக்கொள்ளும் நாளில் நீ அங்கே நில். மூன்றாவது முறை கூவியதும் சொல்: "மறுக்கிறேன். இதில் என் அண்ணனின் குதிரைப் பங்கு இருக்கிறது. அவனை உயிரோடு கிடத்திவிட்டு வந்தவன் இவன்." எல்லார் காதிலும் விழட்டும்.

அதுவரை அவன் ரொட்டியைத் தின்னு. ஆனால் ருசி பார்க்காதே.

உன் அக்கா,
மென்சியா

•

புதிய யெரேனா, 1543 ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் அருளால் சுகம். ஒரு கடைவாய்ப்பல் போயிற்று. பூனையையும் கேட்டதாகச் சொல்.

நீ சொன்னதெல்லாம் மனதில் இருக்கிறது. ஆனால் இங்கே காரியங்கள் மெதுவாக நடக்கின்றன. மழை விட்டால்தான் அளவுக் கயிறு பிடிக்க முடியும். ஈரத்தில் கயிறு சுருங்குகிறது, ஆளுக்கு ஆள் சண்டை. படைத்தலைவருக்கும் இடையில் உடம்பு சரியில்லை. ஆகவே கோயிலுக்கும் வீட்டு மனைகளுக்கும் மட்டும்தான் கைக்கொள்ளும் சடங்கு முடிந்திருக்கிறது, வயல் நிலத்துக்கு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

இந்தப் பள்ளத்தாக்கை நீ பார்க்க வேண்டும். ஆறு ஓரிடத்தில் வளைந்து திரும்புகிறது. அந்த வளைவில் மண் கறுப்பு, கையில் எடுத்தால் ஈர மாவு போல ஒட்டும். உருளைக்கிழங்கு மட்டும் போட்டுவைத்திருக்கிறார்கள். கோதுமை விதைத்தால் இடுப்பளவு வளரும் என்று சத்தியம் செய்வேன்.

இங்கே முன்பிருந்தே வாழும் மக்களின் மூப்பர் திபாக்கே. உப்பு விற்க வருவார். அதிலேயே நம் பேச்சை ஓரளவு பிடித்துக்கொண்டார். நேற்று என்னிடம், "உங்காளுங்க புல்லப் பிடுங்குறாங்க, ஆனா மாட்டுக்குப் போடறதில்ல. எதுக்கு?" என்றார். ஞாயிறு விருந்தில் இதைச் சொன்னேன். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முடிந்தால் அடுத்த கப்பலில் கொஞ்சம் கோதுமை விதையும் கொண்டைக்கடலையும் அனுப்பு. மணல் பெட்டியில் வைத்தால் திராட்சைக் குச்சியும் தாங்கும் என்கிறார்கள்.

உன் தம்பி,
லோப்பே

•

யெரேனா, 1543 டிசம்பர் 9

லோப்பேவுக்கு,

நான் சுகம்.

முன்பு நீ எழுதிய கடிதத்தையும் இப்போது வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முன்னதில் "அவன் அழுதான்". பின்னதில் "தலைவர் சிரித்தார்". அவன் எப்போது அவர் ஆனான்?

பழி வாங்கப் போனவன் விதை கேட்பானா? திராட்சைக் குச்சி காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவன்தானே நீ?

ஒரு கேள்வி. ஆற்று வளைவில் இருக்கும் அந்தக் கறுப்பு மண் யாருடையது?

விதை அனுப்பவில்லை.

மென்சியா

•

யெரேனா, 1544 ஜூன் 24

தம்பி லோப்பேவுக்கு,

நீ சுகம்தான் என்று நம்புகிறேன். கப்பல்கள் வந்தன. உன் கடிதம் வரவில்லை. புயலில் போயிருக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் தலையாட்டினேன்.

என் கேள்விக்குப் பதில் வேண்டாம். பஸ்குவாலிடம் கேட்டுக்கொண்டேன். பங்கு வாங்குகிறவன் ஒவ்வொருவனும் முதலில் சிலுவைமேல் கை வைத்து, "இந்தப் பங்கீட்டில் யார் பங்கையும் மறுக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டுமாமே! செய்தால்தான் கயிறு பிடிப்பார்களாம். சுவேரோ கையால் காலாள் பங்கு ஒன்று ஆற்றோரமாகக் கிடைத்தால் ஒரு வாய் எவ்வளவு நாள் மூடியிருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

அழவில்லை. ஒரு நாள் தொழுவத்தைச் சுத்தம் செய்தேன், அவ்வளவுதான்.

இப்போது கேள். சந்தை மைதானத்தில் அரசரின் புதிய சட்டத்தை வாசித்தார்கள். அந்த நாட்டு மக்களும் அரசரின் குடிகள்தானாம். அவர்கள் சொல்லும் முறையீட்டையும் எழுத்தர் எழுதியாக வேண்டுமாம். சட்டத்தைக் கண்காணிக்கத் துறவிகளை அனுப்புகிறார்களாம். கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். நான் கடைசிவரை நின்று கேட்டேன்.

உன் வாய் கட்டியிருக்கிறது. சத்தியத்தை மீறு என்று நான் சொல்ல மாட்டேன், நரகத்தில் உனக்கு இடம் பிடிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் சத்தியம் செய்யாத வாய்கள் அந்தப் பள்ளத்தாக்கில் நிறைய இருக்கின்றன அல்லவா? உப்பு விற்கிறாரே, அவருக்கு நம் பேச்சு தெரியும் என்றாய். அவருக்கு இன்னும் ஒரு சொல் தெரிய வேண்டும்.

இதையாவது செய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மென்சியா

•

புதிய யெரேனா, 1545 ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். குளிர் காலம், முழங்காலை மூடி வை.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் அதைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். பிறகு திபாக்கேவின் வீட்டுக்குப் போனேன். அவர் தங்கை சோள மது ஊற்றிக் கொடுத்தாள். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தபோது அவரே தொடங்கினார்.

"உங்க எழுத்தர் நெலத்துல நின்னு மூணு தடவ கத்துறாரே, அது என்ன?"

"மறுக்கிறவங்க இருக்காங்களான்னு கேக்கறாரு."

"யாரக் கேக்கறாரு?"

"எல்லாரையும்தான்."

"எங்களையுமா?"

மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "உங்களையும்தான்" என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாங்க அத மந்திரம்னு நெனச்சோம். புது ஊருக்காரங்க சாமி கும்புடறாங்க, நடுவுல சத்தம் போடக் கூடாதுன்னு புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு மரியாதையா நின்னோம்" என்றார்.

அக்கா, அந்த மரியாதையைத்தான் எழுத்தர் "மறுப்பின்றி" என்று எழுதி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். "மருக்கிரேன்" என்றார். அது வேறு மாதிரி, நாக்கை உரசிச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் தங்கை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு அண்ணனைக் கிண்டல் செய்தாள். பிறகு அவர் கேட்டார்:

"இதுல உங்களுக்கு என்ன?"

"என் அண்ணனுக்காக. தலைவர் அவன ஆத்தங்கரையில விட்டுட்டுப் போயிட்டாரு."

"ஓ! கத்திக்கிட்டே கெடந்தாரே, அவரா? எங்க பொம்பளைங்க தண்ணி குடுத்தாங்க. கெழங்கு அவிச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நாள் இருந்தாரு."

"எங்க பொதச்சீங்க?"

"உங்களுக்குன்னு கயிறு போட்டு அளந்து குடுத்தாங்களே, அந்த வளைவுல. நாலாவது பாத்தியோரம்."

வேறொன்றும் எழுதுவதற்கில்லை. ஈஸ்டர் முடிந்ததும் சடங்கு என்று நாள் குறித்துவிட்டார்கள்.

உன் தம்பி,
லோப்பே

•

புதிய யெரேனா, 1545 ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

நீ கேட்டது நடந்தது. முழுவதும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சுவேரோ வெல்வெட் தொப்பி போட்டு வந்தான். கிளையை வெட்டினான், புல்லைப் பிடுங்கினான், கல் எறிந்தான், வாளை உருவி ஒரு மரத்தில் ஓங்கி வெட்டினான். நாங்கள் குடியேறிகள் எல்லோரும் ஒரு பக்கம். திபாக்கேவும் அவர் ஆட்களும் மறுபக்கம். நடுவில் எழுத்தரும், புதிதாக வந்த துறவி ஒருவரும். எழுத்தர், "மறுப்போர் உண்டா?" என்று கூவினார். அமைதி. இரண்டாவது முறை ஒரு நாய் குரைத்தது. "எழுதிக்கய்யா, நாய் மறுக்குது!" என்று சுவேரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை.

"மறுக்கிறேன்."

கத்தவில்லை அவர். உப்புக்கு விலை சொல்கிற குரலில் சொன்னார்.

சுவேரோவுக்கு முதலில் சிரிப்புதான். "கிளிப்பிள்ளை பேசுது பாருங்கடா! யோவ், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதச் சொல்றவங்க இருக்காங்களான்னுதானே மூணு தடவ கேட்டீங்க?"

துறவி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் சுவேரோவைப் பார்த்தார். "எழுதித்தான் ஆகணும் தலைவரே. சொன்னா சொன்னதுதான். இனிமே தீவு நீதிமன்றம் பாத்துக்கும்" என்று பேனாவை மையில் தொட்டார்.

அப்போதுதான் சுவேரோவின் முகம் மாறியது. கூட்டத்தைத் துழாவினான். "இந்த ‘ற’ நம்ம ஊரு ‘ற’. இந்த நாட்டுல இத இப்படிச் சொல்றவங்க ரெண்டே பேரு. நான் சொல்லிக் குடுக்கல." என் எதிரே வந்து நின்றான். "எஞ் சோத்தத் தின்ன நாயே, ஏண்டா?"

"நூன்யோ உங்களக் கேட்டதுக்கு நீங்க ஒரு பதில் சொன்னீங்க தலைவரே. உப்பு மூட்டையப் பத்தி. அதுக்கு என் பதில் இது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நூன்யோவை விட்டு வந்த படையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தரையைப் பார்த்தார்கள்.

வழக்குச் செலவுக்கு வெள்ளிப் பாத்திரம் போயிற்று, வாள் போயிற்று, கடைசியில் குதிரையும் போயிற்று. நதித் துறைமுகத்துக்கு நடந்துதான் போனான். பிற்பாடு வந்தவர்கள் சொல்கிறார்கள், தீவில் நீதிமன்ற வாசலில் வெயிலில் குந்தியிருக்கிறானாம். வழியில் போகிற எழுத்தர்களை எல்லாம் "ஐயா" என்கிறானாம். உனக்கு இது போதுமா, இன்னும் வேண்டுமா?

மிச்சத்தையும் கேள். மறுநாள் என் முறை. வளைவில் நின்று நான் புல்லைப் பிடுங்கினேன். நூன்யோ இருக்கும் பாத்தியை மிதிக்காமல் சுற்றி வந்தேன். எழுத்தர் மூன்றாவது முறை கூவினார்.

"மறுக்கிறேன்."

"திபாக்கே! நான்தானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்!"

"ஆமா. நல்லா சொல்லிக் குடுத்தீங்க" என்றார். கேலியாக அல்ல, நன்றியாக.

அதற்கு அடுத்த பங்கிலும் சொன்னார். அதற்கு அடுத்ததிலும். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் என்றதும் தங்கை வந்து சொன்னாள், அவரைவிடத் தெளிவாக. இப்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஓடுகின்றன. புதிய யெரேனாவில் ஒருவனுக்கும் விதைக்கப் பிடி மண் இல்லை. நான் போகும் வழியில் நம் ஆட்கள் காறித் துப்புகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல். அந்தக் கடிதத்தை எழுதும்போது, சொல் சுவேரோவோடு நிற்காது, என் மண்ணுக்கும் வரும் என்று உனக்குத் தெரியுமா?

லோப்பே

•

யெரேனா, 1546 மே 3

தம்பி லோப்பேவுக்கு,

நான் சுகம். பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு எல்விரா சீமாட்டி முன்வரிசைக்கு வரவில்லை. தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றாள். மகனின் வழக்குச் செலவுக்கு வீட்டை விற்கிறாளாம். பூசை முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். "பாவம் உங்கள் மகன்" என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு தோப்பை விற்கச் சொன்னாலும் விற்பேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். வயலில் எலி இருக்கிறது என்று ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டால், தண்ணீர் எலி வளையைத் தேடியா போகும்? எல்லா வளைக்கும் போகும். இது எந்தப் பாமரனுக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும்.

நீ அவன் வீட்டு ரொட்டியை ருசி பார்த்தாய். அண்ணன் கிடந்து கத்தின கரையில் கோதுமை போட விதை கேட்டாய். அங்கேதான் அவன் கிடக்கிறான் என்பது உனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் கொடுத்த மண் என்பது தெரியும். ஒருவனை மட்டும் தண்டிக்கச் சொல்லி நான் எந்தக் கடிதத்திலாவது எழுதினேனா? எடுத்துப் படித்துப் பார்.

இத்தோடு கணக்குத் தீர்ந்தது. இனி உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அடுத்த கப்பலில் திரும்பி வா. பன்றித் தொழுவத்தைப் பெரிதாக்கலாம். உன் கட்டிலை வெயிலில் போட்டு வைக்கிறேன்.

உன் அக்கா,
மென்சியா

•

யெரேனா, 1547 நவம்பர் 12

லோப்பேவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதினால் நீ படிப்பாயா என்பதும் தெரியவில்லை. ஆனாலும் சுகம்.

கப்பல்கள் வந்து போயின. போன வசந்தத்தில் வந்தவர்களிடம் கேட்டேன். புதிய யெரேனா கலைந்துவிட்டது, ஆட்கள் வேறு பள்ளத்தாக்குகளைத் தேடிப் போய்விட்டார்கள் என்றார்கள். ஆற்று வளைவில் மட்டும் நம் நாட்டுக்காரன் ஒருவன் இருக்கிறானாம். அந்த ஊர்க்காரர்களின் கிழங்குப் பாத்தியில் கூலிக்குக் களை பிடுங்குகிறானாம். நம் ஊரிலிருந்து வந்த கடிதத்தைத் தரட்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, "எனக்கு அந்த ஊர்ல யாரும் இல்லீங்க" என்றானாம். பெயர் விசாரிக்கவில்லை என்றார். போன ஆண்டு நான் எழுதிய அந்தக் கடிதம் திறக்காமலே என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

இன்று பன்றி அறுத்தோம். கால்களை இறுக்கிப் பிடிக்க வீட்டு ஆண்பிள்ளை வேண்டும் என்பது வழக்கம். அடுத்த தெருவிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டேன். இந்த ஊருக்குப் புதியவன், ஒன்றும் தெரியாது. ரத்தச் சட்டியைக் கலக்கிக்கொண்டே கேட்டான்:

"ஏம்மா, உங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் எங்க?"

"ரெண்டு தம்பிங்க இருந்தாங்க. கடல் தாண்டிப் போனாங்க."

"அந்தச் சீமை எடுத்துக்கிச்சா?"

"ஒருத்தனை ஆத்தங்கரை எடுத்துச்சு," என்றேன். "இன்னொருத்தனை நான் எடுத்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

வாயிலிருந்து வந்துவிட்டது, அது உண்மையும்கூட. அதனால் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று படிக்காதே. சுவேரோவுக்குச் செய்ததை நாளைக்கே மறுபடியும் செய்வேன்.

உனக்குச் செய்ததை மட்டும் செய்ய மாட்டேன்.

மென்சியா